தண்ணீரைத் துரத்தும் ஆவி: காகித ஆலைக்குள் ஏழு நாள் பயணம்

முதல் நாள்: மரக்கிடங்கு

காகித ஆலையின் எரிசக்திக் கணக்கை அலுவலக அறையிலிருந்து தொடங்கினால் மின்கட்டணமும் நிலக்கரி ரசீதும்தான் கண்ணில் படும். கிடங்கிலிருந்து தொடங்கினால் தண்ணீர் கண்ணில் படும். இந்தப் பயணம் அந்தத் தண்ணீரின் வழியே போகப்போகிறது. மரத்தை ரசாயனத்தில் வேகவைத்து நாராக்கி, நாரைக் காகிதமாக்கும் கிராஃப்ட் முறை ஆலை ஒன்றுக்குள் தினம் ஒரு பகுதி.

வந்து இறங்கும் பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். பட்டையை உரித்து பாய்லருக்கு அனுப்புகிறார்கள். அதை ‘இலவச எரிபொருள்’ என்பார்கள். ஈரம் ஏறினால் அது இலவசமல்ல. 50 விழுக்காடு ஈரமுள்ள பட்டை ஒரு கிலோவுக்கு சுமார் 8 மெகாஜூல் தரும். 60 விழுக்காடாகிவிட்டால் 6-க்குக் கீழே இறங்கிவிடும். ஒரே ஒரு மழை போதும். சுடர் தள்ளாட, அதைத் தாங்கிப் பிடிக்க ஆபரேட்டர் நிலக்கரியையோ எண்ணெயையோ கூட்டுவார். பட்டைக் குவியலுக்கு மேலே ஒரு கூரையும், பாய்லருக்கு முன்னால் பட்டையின் ஈரத்தைப் பிழியும் ஒரு பிரஸ்ஸும் இருக்கும் ஆலையில் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பட்டை உரித்த மரத்தைச் சில்லுகளாக வெட்டிச் சலிக்கிறார்கள். அந்தச் சல்லடையில் கவனிக்க வேண்டியது தடிமன். 2 முதல் 8 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்ல சில்லு. அதைவிடத் தடித்ததன் நடுப்பகுதிக்குள் சமையல் திரவம் ஊறாது. வேகாத முடிச்சாக வெளியே வந்து திரும்பவும் சமையல் கலமான டைஜஸ்டருக்குப் போகும். ஒரே மரத்துக்கு இரண்டு முறை ஆவி. தூள் மிகுந்தால் அது கூழாகாமல் கரைந்துபோவதோடு திரவச் சுற்றின் வலையையும் அடைக்கும். சில்லைக் காற்றால் ஊதித் தள்ளும் குழாய் இன்னும் இருந்தால், அதைப் பெல்ட் கன்வேயராக மாற்றுவதுதான் இந்தக் கிடங்கில் முதல் வேலை. அதே தூரத்துக்குப் பெல்ட் எடுக்கும் மின்சாரம் பல மடங்கு குறைவு.

இரண்டாம் நாள்: டைஜஸ்டரும் வாஷரும்

சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்பைடும் கலந்த வெள்ளைத் திரவத்தில் சில்லுகளை 160 முதல் 170 டிகிரி வரை வேகவைக்கிறார்கள். நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் கரைகிறது, நார் பிரிகிறது. மரத்தின் உலர் எடையில் 45 முதல் 50 விழுக்காடு நாராக மிஞ்சும். மீதி திரவத்தில் போய்விடும். அந்த மீதிதான் நாளையும் மறுநாளும் நாம் பின்தொடரப்போகும் எரிபொருள்.

பழைய பேட்ச் டைஜஸ்டரில் ஒவ்வொரு சமையலுக்கும் குளிர்ந்த சில்லு, குளிர்ந்த திரவம், புதிய ஆவி. சமையல் முடிந்ததும் மொத்தச் சூட்டோடு வெளியே ஊதித் தள்ளுவார்கள் (‘புளோ’). இடப்பெயர்ச்சி முறையில், முடிந்த சமையலின் சூடான திரவத்தைத் தொட்டியில் பிடித்துவைத்து அடுத்த சமையலின் சில்லுக்குள் தள்ளுகிறார்கள். ஆவிச் செலவு பாதியளவுக்கு இறங்குகிறது. இதை வாங்க முடியாத ஆலையும் ஒன்று செய்யலாம். ஆவியை நேரே டைஜஸ்டருக்குள் ஊதுவதை விட்டு, வெளியே ஹீட்டர் வைத்துத் திரவத்தைச் சுற்றவிடலாம். நேரே ஊதும் ஆவி உள்ளேயே தண்ணீராகி, திரவத்தை நீர்க்கச் செய்துவிடும். ஆவி குளிர்ந்து வரும் தண்ணீரான கண்டென்சேட்டும் பாய்லருக்குத் திரும்பாது. இரட்டை நட்டம்.

கூழைக் கழுவும் வாஷரில் நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: டைல்யூஷன் ஃபேக்டர். நாரோடு ஒட்டியிருக்கும் திரவத்தை இடம்பெயர்க்கத் தேவையான அளவுக்கு மேல், டன் கூழுக்கு எத்தனை டன் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதுதான் அது. அதை 2.5-லிருந்து 3.5 ஆக்கினால் டன் கூழுக்குச் சரியாக ஒரு டன் தண்ணீர் கூடுதலாக, திரவத்தின் தண்ணீரை விரட்டும் எவாப்பரேட்டருக்குப் போகும். ஷிஃப்டில் நுரை கிளம்பினால் ஷவர் வால்வைத் திறந்துவிடுவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். நுரைக்கு நிஜக் காரணம் பெரும்பாலும் காற்று: தொட்டியில் மட்டம் தாழ்ந்து, திரவம் விழுகிற இடத்தில் காற்றை இழுத்துக்கொள்ளும். மட்டத்தை உயர்த்தி, ஷவர் நீரை 70 டிகிரிக்குக் கொண்டுவந்தால் தண்ணீரைக் கூட்டாமலே நுரை அடங்கும். மறுபக்கம், ஃபேக்டரை ரொம்பவும் இறுக்கினால் சோடா (சோடியம் ரசாயனங்கள்) கூழோடு போய், அதை வெளுக்கும் பிளீச்சிங்கில் ரசாயனத்தைத் தின்னும்.

பிளீச்சிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு நிலையின் சூடான வடிநீரை முந்தைய நிலைக்கு ஷவராக அனுப்புகிறார்களா என்று பாருங்கள், அது போதும்.

மூன்றாம் நாள்: எவாப்பரேட்டர்

வாஷரிலிருந்து வரும், லிக்னின் கரைந்த சமையல் திரவமான நீர்த்த பிளாக் லிக்கரில் சுமார் 15 விழுக்காடுதான் திடப்பொருள். சாம்பிள் குழாயில் பிடித்தால் நீர்த்த மையைப் போல ஓடும். இதை 75 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனால்தான் உலையில் நன்றாக எரியும். ஒரு கிலோ திடப்பொருளோடு 15 விழுக்காட்டில் 5.67 கிலோ தண்ணீர் இருக்கிறது, 75 விழுக்காட்டில் 0.33 கிலோ. இடையில் 5.3 கிலோவை விரட்ட வேண்டும். டன் கூழுக்கு சுமார் 1.5 டன் திடப்பொருள் வரும் என்பதால், டன் கூழுக்கு 8 டன் தண்ணீர் இங்கே ஆவியாகிறது. காகித இயந்திரத்தின் டிரையரில் ஆவியாவதைப் போல ஆறேழு மடங்கு.

அத்தனைக்கும் புதிய ஆவியே ஊற்றினால் எந்த ஆலையும் தாங்காது. அதனால்தான் ஆறு அல்லது ஏழு கலங்களை வரிசையாக வைக்கிறார்கள். முதல் கலத்துக்கு மட்டும் பாய்லர் ஆவி. அதில் லிக்கரிலிருந்து எழும் ஆவி இரண்டாவதைச் சூடாக்கும், இரண்டாவதன் ஆவி மூன்றாவதை. கடைசிக் கலம் வெற்றிடத்தில் 55, 60 டிகிரியிலேயே கொதிக்கும். ஆறு கலத் தொடரில் ஒரு கிலோ ஆவிக்கு ஐந்து கிலோ தண்ணீர் போவது நல்ல நிலை. அந்த ஐந்து நாலரையாக இறங்கினால் டன் கூழுக்கு 180 கிலோ ஆவி கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஏன் இறங்குகிறது? மூன்று காரணங்களை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலாவது படிவு. திடம் 50 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் கார்பனேட்டும் சல்பேட்டும் சேர்ந்த இரட்டை உப்பு குழாயில் ஒட்டும். இது தண்ணீரில் கரையும். நீர்த்த லிக்கரையோ கண்டென்சேட்டையோ ஓடவிட்டால் போய்விடும். சுண்ணாம்புப் படிவு அப்படியல்ல, அதற்கு அமிலக் கழுவல் வேண்டும். வைக்கோல், கரும்புச் சக்கை போன்றவற்றைச் சமைக்கும் ஆலையில் சிலிக்காவும் சேர்ந்துகொள்ளும். கழுவல்களிலேயே இதுதான் கடினம். எந்தக் கலத்தில் ஆவிக்கும் லிக்கருக்கும் இடையே வெப்ப வேறுபாடு நாளுக்கு நாள் விரிகிறதோ, அங்கேதான் படிவு. ஷிஃப்ட் தாளில் அந்த வேறுபாட்டுக்கு ஒரு கட்டம் போட்டு எழுதிவைத்தால் எதைக் கழுவ வேண்டும் என்ற வாக்குவாதம் எழாது.

இரண்டாவது வெற்றிடம். ஆவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் குளிர்நீர் சூடானாலோ, குழாய் இணைப்பான ஃபிளாஞ்சில் காற்று கசிந்தாலோ கடைசிக் கலத்தின் கொதிநிலை ஏறும். தொடர் முழுவதற்கும் பங்கிட வேண்டிய வெப்ப வேறுபாடு சுருங்கும். மூன்றாவது, நேற்று பார்த்த வாஷர். லிக்கர் 15-க்குப் பதில் 14 விழுக்காட்டில் வந்தால் டன் கூழுக்கு 0.7 டன் தண்ணீர் கூடுகிறது. எவாப்பரேட்டர் ஆபரேட்டரைக் குறை சொல்லும் முன் வாஷர் தாளைப் புரட்ட வேண்டும்.

70 விழுக்காட்டைத் தாண்டிய லிக்கரைக் கரண்டியில் எடுத்து ஆறவிட்டால் சில நிமிடங்களில் தார்க்கட்டி. சூடும் அழுத்தமும் இருக்கும் வரைதான் பம்ப் அதைத் தள்ளும். கொதிநிலையும் தண்ணீரைவிடப் பல டிகிரி மேலே போய்விடும். அந்த உயர்வு முழுவதும் முதல் கலத்தின் வெப்ப வேறுபாட்டைக் கடித்துக்கொள்ளும். ஆகவே கடைசி ஐந்து விழுக்காட்டுக்கு ஆகும் பாடு முதல் ஐந்துக்கு ஆவதே இல்லை.

நான்காம் நாள்: ரெக்கவரி பாய்லர்

ஆலையின் இதயம் எது என்று கேட்டால் பலரும் காகித இயந்திரத்தைக் காட்டுவார்கள். எங்கள் கணக்கில் அது இந்த மீட்பு உலைதான். லிக்கரின் திடப்பொருள் கிலோவுக்கு 13 முதல் 15 மெகாஜூல் தருகிறது. ஆவியில் பெரும்பங்கு இங்கிருந்துதான். ரசாயனமும் இங்கேதான் மீட்கப்படுகிறது. உலையின் அடியில் காற்றைக் குறைத்து வைக்கிறார்கள். சோடியம் சல்பேட் சல்பைடாகத் திரும்புகிறது. மேலே காற்றைக் கூட்டி வாயுக்களை முழுக்க எரிக்கிறார்கள். ஒரே உலைக்குள் எதிரெதிரான இரண்டு வேலை.

65 விழுக்காட்டில் பீய்ச்சிய லிக்கரை 75-க்கு உயர்த்தினால், டன் திடத்துக்கு 0.2 டன் தண்ணீர் உலைக்குள் ஆவியாக வேண்டியதில்லை. மிச்சமாகும் வெப்பம் சுமார் 0.5 ஜிகாஜூல். எவாப்பரேட்டரில் அதே தண்ணீரை ஐந்தில் ஒரு பங்கு ஆவியில் விரட்டிவிடலாம். அதோடு அடிப்படுகை சூடேறுவதால் சல்பர் டை ஆக்சைடும் விழுகிறது.

பார்வைக் கண்ணாடி வழியே ஸ்மெல்ட் வாயைப் பார்த்தால், 800 டிகிரிக்கு மேல் சூடான உருகிய உப்பு செம்மஞ்சள் நிறத்தில் கயிறுபோல இறங்குவது தெரியும். நீராவி ஜெட் அதைச் சிதறடித்துத்தான் கீழேயுள்ள தொட்டியில் விட வேண்டும். ஜெட் நின்று, மொத்தமாக விழுந்தால் தொட்டி வெடிக்கும். லிக்கர் நீர்த்துப்போனாலும் அதே ஆபத்து உலைக்குள்ளேயே வரும். ஆகவேதான் 58 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் லிக்கரைத் தானாகத் திருப்பிவிடும் பூட்டு இருக்கிறது. இதைப் பைபாஸ் செய்ய எந்த உற்பத்தி அவசரமும் காரணமாகாது.

உமிழ்வைக் கூட்டும் ஒரு மறைமுக வழி இங்கே உண்டு. லிக்கரில் குளோரைடும் பொட்டாசியமும் சேரச் சேர, சாம்பல் ஒட்டும் வெப்பநிலை தாழ்கிறது. ஆவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டருக்குப் பின்னால் குழாய்களின் இடைவெளி அடைபடும். சாம்பலை ஆவியால் ஊதும் சூட் புளோயர் அடிக்கடி ஓடி ஆவியைத் தின்னும். கடைசியில் உலையை நிறுத்தித் தண்ணீரால் கழுவ வேண்டும். திரும்பப் பற்றவைக்க எண்ணெயோ வாயுவோ பல மணி நேரம் எரியும். அந்த நேரத்து ஆவியெல்லாம் புதைபடிவ எரிபொருளின் ஆவி. மின்தூசு வடிகட்டியில் பிடிபடும் சாம்பலில்தான் இந்த இரண்டு தனிமமும் குவிந்திருக்கும். அதில் ஒரு பகுதியை வெளியேற்றினால் அடைப்புகளின் இடைவெளி நீளும். அதோடு போகும் சோடியத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தாலும், ஆண்டுக்கு ஒரு நிறுத்தம் தவிர்ந்தால் கணக்கு நேராகிவிடும்.

ஆலையைச் சுற்றி அடிக்கும் அழுகிய முட்டை நெடி ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தைல் மெர்காப்டனும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். டைஜஸ்டர், எவாப்பரேட்டர் வாயுக்களைக் குழாயில் சேர்த்து எரிப்பதுதான் தீர்வு. எரிவதால் வெப்பமும் கிடைக்கும். குழாய்க்குள் செறிவு வெடிக்கும் எல்லைக்குள் வராமல், ஒன்று மிக அடர்த்தியாகவோ அல்லது மிக நீர்த்தோ வைத்துத் தனித்தனியாகக் கொண்டுபோக வேண்டும். இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

ஐந்தாம் நாள்: சுண்ணாம்புச் சூளை

கிராஃப்ட் ஆலையில் புதைபடிவ எரிபொருள் கடைசிவரை பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான். ஸ்மெல்ட் கரைந்த பச்சைத் திரவத்தில் சுண்ணாம்பு போட்டால் சோடியம் கார்பனேட் மீண்டும் ஹைட்ராக்சைடாகும். அடியில் கால்சியம் கார்பனேட் சேறு படியும். அந்தச் சேற்றைச் சூளையில் சுட்டால் மறுபடியும் சுண்ணாம்பு.

ஒரு டன் சுண்ணாம்பு பிறக்கும்போது சேற்றிலிருந்தே 0.79 டன் கரியமில வாயு கிளம்புகிறது. சிமெண்டுச் சூளையில் இது புதைபடிவக் கணக்கில் போகும், இங்கே போகாது. காரணம், அந்தக் கரி (கார்பன்) மரத்திலிருந்து லிக்கருக்கு, லிக்கரிலிருந்து சோடியம் கார்பனேட்டுக்கு, அங்கிருந்து சேற்றுக்கு வந்தது. இழப்பை ஈடுகட்ட வெளியிலிருந்து வாங்கிப் போடும் சுண்ணாம்புக்கல்லின் கரி மட்டும்தான் புதைபடிவப் பக்கம். அறிக்கை எழுதுவோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

எரிபொருளின் கரி தனிக் கணக்கு. டன் கூழுக்கு கால் டன் சுண்ணாம்பு, டன் சுண்ணாம்புக்கு 7 ஜிகாஜூல் என்று வைத்தால் 1.75 ஜிகாஜூல். உலை எண்ணெய் ஜிகாஜூலுக்கு 77.4 கிலோ கரியமில வாயு விடும், இயற்கை எரிவாயு 56.1. ஆக டன் கூழுக்கு எண்ணெயில் 135 கிலோ, வாயுவில் 98 கிலோ. மரத்தூளை எரித்தோ மரவாயுவாக்கியோ இதைச் சுழியத்துக்கு அருகில் கொண்டுவந்த ஆலைகள் உண்டு. ஆனால் மரத்தூளின் சாம்பலில் வரும் அந்நியத் தனிமங்கள் சுண்ணாம்பிலேயே தங்கிவிடும்; வெளியேற்றும் அளவைக் கூட்ட வேண்டும்.

எரிபொருளை மாற்றும் முன் சேற்றின் ஈரத்தைப் பாருங்கள். வடிகட்டியிலிருந்து 70 விழுக்காடு திடத்தோடு வரும் சேற்றை 80-க்கு உயர்த்தினால், ஒரு டன் உலர்சேற்றோடு போகும் தண்ணீர் 430 கிலோவிலிருந்து 250-க்கு இறங்கும். அதற்கு வேண்டியது நல்ல வெற்றிடமும் அடைபடாத வடிதுணியும். கழுவலும் முக்கியம்: சேற்றில் சோடியம் மிஞ்சினால் சூளைக்குள் வளையம் கட்டும், சோடியம் சல்பைடு மிஞ்சினால் புகைபோக்கியில் நெடி. சூளையின் வெளிவாயில் நின்று வரும் உருண்டைகளை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீராக, நுண்துளையோடு இருந்தால் சரி. பளபளத்து இறுகியிருந்தால் அதிகமாகச் சுட்டுவிட்டார்கள். அந்தச் சுண்ணாம்பு வினையில் மந்தமாக இருக்கும், போன வெப்பமும் வீண்.

ஆறாம் நாள்: பேப்பர் மெஷின்

ஹெட்பாக்ஸ் என்னும் பெட்டியிலிருந்து வயர் என்னும் வலைமேல் பாயும் கூழில் நார் அரை விழுக்காடு. ஒரு கிலோ நாரோடு 199 கிலோ தண்ணீர். வயர் முடிவில் அது 4 கிலோ. தண்ணீரைப் பிழியும் பிரஸ் முடிவில் 45 விழுக்காடு உலர்நிலையில் 1.22 கிலோ. டிரையர் நீக்குவது மீதி 1.16 கிலோ மட்டும், அதாவது மொத்தத் தண்ணீரில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் இயந்திரத்தின் ஆவியில் பெரும்பகுதி இந்த 1.16 கிலோவுக்குத்தான்.

எனவே பிரஸ்ஸில் உலர்நிலை ஒரு புள்ளி ஏறினால் டிரையரில் நான்கு விழுக்காடு ஆவி மிச்சம் என்று இயந்திரக்காரர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டால் ஒத்துவருகிறது: 42-லிருந்து 45-க்குப் போனால் ஆவியாக்கும் தண்ணீர் 12 விழுக்காடு குறைகிறது. அகலமான அழுத்துபரப்புள்ள ஷூ பிரஸ்ஸில் 50-ஐ எட்டினால் கிட்டத்தட்ட 30. ஷூ பிரஸ் பெரிய முதலீடு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பிரஸ்ஸில் தண்ணீரை உறிஞ்சும் ஃபெல்ட் துணி அடைபட்டால் உலர்நிலை வாரத்துக்கு வாரம் சரியும், அதைக் கழுவும் ஷவர் முனைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரஸ்ஸுக்கு முன் ஆவிப்பெட்டி வைத்துத் தாளைச் சூடாக்கினால் தண்ணீரின் பிசுக்கு குறைந்து எளிதாகப் பிழியப்படும்.

டிரையர் சிலிண்டருக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகிறது. வேகம் கூடினால் அந்தத் தண்ணீர் உள்சுவரோடு வளையமாக ஒட்டிச் சுற்றும், வெப்பத்தை மறிக்கும். அதை உறிஞ்சி எடுப்பது சைஃபன். சைஃபன் வேலை செய்ய, உள்ளே போகும் ஆவியில் கொஞ்சம் குளிராமலே ஊடுருவி வெளியேற வேண்டும். அந்த ஊடாவியை அடுத்த, அழுத்தம் குறைந்த பிரிவில் பயன்படுத்துவார்கள். ஒரு சைஃபன் முனை தேய்ந்து இடைவெளி பெருத்தால் ஊடாவி அளவுக்கு மீறிப் பாயும். அடுத்த பிரிவால் அதை விழுங்க முடியாமல் கண்டென்சருக்கோ கூரைக்கோ போகும். தாள் ஈரமாக வருகிறதே என்று ஆபரேட்டர் அழுத்தத்தைக் கூட்டுவார். நட்டம் இன்னும் பெருகும். சரியான வழி, ஒவ்வொரு சிலிண்டரின் மேற்பரப்பு வெப்பத்தையும் தொடு வெப்பமானியால் எடுத்து வரிசையாக எழுதுவது. பக்கத்துச் சிலிண்டர்களைவிட ஒன்று மட்டும் பத்து டிகிரி தாழ்ந்திருந்தால் அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

அடுத்து, டிரையரின் மேலே கவிந்திருக்கும் ஹூட். திறந்த ஹூட் ஏராளமான காற்றைச் சூடாக்கி வெளியே ஊதுகிறது. மூடிய ஹூட்டில் வெளியேறும் காற்றில் கிலோ உலர் காற்றுக்கு 160 கிராம் ஈரம் வரை ஏற்றலாம். அந்த ஈரக்காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கும் ஷவர் நீருக்கும் மாற்றலாம். ஹூட் கதவைத் தாள் அறுந்ததும் திறந்து, பிறகு மூட மறப்பது சின்ன விஷயமாகத் தெரியும். வெளியேறும் காற்றின் ஈரமானியைப் பார்த்தால் தெரியும், அது சின்ன விஷயமல்ல.

மின்சாரம் பற்றி ஒன்று மட்டும். உராய்வு எதிர்ப்பு மட்டுமே உள்ள பம்பில் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் மின்திறன் பாதியாகும். வால்வைப் பாதி மூடிவைத்து ஓடும் ஒவ்வொரு பம்பும் இதற்கான இடம். நாரை அரைக்கும் ரீஃபைனர்களைப் பாதிச் சுமையில் இரண்டு ஓட்டுவதைவிட முழுச் சுமையில் ஒன்றை ஓட்டலாம். வெறும் சுற்றலுக்கே போகும் மின்சாரம் மிச்சம்.

ஏழாம் நாள்: பவர் ஹவுஸ்

மீட்பு உலையின் ஆவி உட்பட எல்லா ஆவியும் இங்கே சேர்ந்துதான் கிளம்புகிறது. 65 பார் அழுத்தத்தில் பிறந்து, டர்பைன் வழியே 4 பாருக்கு இறங்கும் ஒவ்வொரு டன்னும் 130 முதல் 150 யூனிட் மின்சாரம் தந்துவிட்டுத்தான் டிரையருக்குப் போகிறது. பக்கத்தில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அதன் வழியே மணிக்கு 10 டன் போனால், 1.4 மெகாவாட் பிறக்காமலே போய்விட்டது. டர்பைனுக்கு ஏதாவது கோளாறு வந்தபோது திறந்து, பிறகு மூடாமல் விட்ட வால்வாகத்தான் அது பெரும்பாலும் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். நேற்று பிரஸ்ஸில் மூன்று புள்ளி ஏற்றினோம் என்று வைப்போம். டன் நாருக்கு 0.16 டன் தண்ணீர் குறைந்தது, ஆவி 0.21 டன் குறைந்தது. நிலக்கரி பாய்லரில் டன் ஆவிக்கு சுமார் 0.33 டன் கரியமில வாயு. ஆகவே 70 கிலோ மிச்சம். ஆனால் அந்த 0.21 டன் டர்பைன் வழியே போகாததால் 30 யூனிட் மின்சாரம் குறையும். அதை நிலக்கரி மின்சாரமாக வெளியிலிருந்து வாங்கினால் யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி உமிழ்வு. நிகர மிச்சம் 40 கிலோ. நல்ல மிச்சம்தான், ஆனால் அறிக்கையில் 70 என்று எழுதக் கூடாது. ரீஃபைனரிலும் பம்பிலும் அந்த 30 யூனிட்டைக் குறைத்த பிறகு எழுதலாம்.

இன்னொன்று. மீட்பு உலையின் புகைபோக்கியில் டன் கூழுக்கு ஏறக்குறைய 1.7 டன் கரியமில வாயு போகிறது, மரத்தின் கரி. கணக்கில் அது தனி வரிசை. காட்டை மீண்டும் வளர்த்தால்தான் அந்த வரிசைக்கு அர்த்தம். பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்யும் ஆலைக்கு மொத்த எரிசக்தி குறைவு, ஆனால் எரிக்க லிக்கர் கிடையாது. அது நிலக்கரி பாய்லரில் ஓடினால், டன்னுக்குப் புதைபடிவ உமிழ்வு நல்ல கிராஃப்ட் ஆலையைவிட அதிகமாகவே இருக்கலாம். இரண்டையும் ஒரே எண்ணால் ஒப்பிடும் அட்டவணையை நாங்கள் நம்புவதில்லை.

மாலையில் கூரைக்கு ஏறினோம். குறை அழுத்த ஆவியின் வென்ட் குழாய் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. கீழே டிரையரில் மிச்சப்படுத்திய ஆவி பாய்லரில் எரிபொருளைக் குறைக்காமல் இப்படி வெளியேறினால், மிச்சம் என்பது தாளில் மட்டும்தான். கட்டுப்பாட்டு அறைத் திரையில் வென்ட் வால்வு 12 விழுக்காடு திறந்திருந்தது. மீட்பு உலையை எப்போதும் முழுச் சுமையில் வைத்து, ஏற்ற இறக்கத்தை நிலக்கரி பாய்லர் ஏற்கும்படி மாஸ்டர் கண்ட்ரோலரை மாற்றினார்கள். நாற்பது நிமிடத்தில் நிலக்கரி ஃபீடரின் வேகம் இறங்கியது, வென்ட் மூடியது.